மாட்யூல் முறை பேக்கேஜ் மேலாண்மையின் (லினக்ஸில் மென்பொருள்களை நிறுவி நிர்வகிக்கும் ஒரு முறை) முன்மாதிரியைப் பயன்படுத்திய அனுபவம் உண்டா? பயனராக உங்கள் கருத்து என்ன?

உண்டு. 2017-ல் ஃபெடோரா 26 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை அடிப்படையாக வைத்து வந்த முன்மாதிரியான போல்ட்ரானை ஓட்டிப் பார்த்தேன். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சின்ன ஆபீஸில் சர்வர் பார்ப்பது என் வேலை. அப்போது ஒரு வாடிக்கையாளருக்கு நோட்.ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை சர்வரில் ஓட்டும் மென்பொருள்) பழைய பதிப்பு வேண்டும், இன்னொருவருக்குப் புதியது. இருப்பதோ ஒரே மெஷின். ஒரு மென்பொருளும் அதற்கு வேண்டியவையும் சேர்ந்த தொகுப்புதான் மாட்யூல், அதில் ஒவ்வொரு பதிப்பும் தனி ஸ்ட்ரீம், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்று படித்ததும் நமக்காகவே செய்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

அவசரப்பட்டுவிட்டேன். பல பதிப்புகள் கிடைக்கும் என்பதை, பலவற்றையும் சேர்த்து நிறுவலாம் என்று புரிந்துகொண்டது என் தப்பு. வடிவமைப்பின்படி ஒரு மெஷினில் ஒரு மாட்யூலுக்கு ஒரு ஸ்ட்ரீம்தான். கூட வேலை பார்த்த தம்பி சிரித்தான்: "அண்ணா, தாம்பரம் போக பஸ்ஸும் இருக்கு, ட்ரெயினும் இருக்கு. அதுக்காக ரெண்டுலயும் ஏறிடுவீங்களா?"

இத்தனைக்கும் அதற்கு முந்தைய சாஃப்ட்வேர் கலெக்‌ஷன்ஸ் முறையில் இரண்டு பதிப்புகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்கலாம். என்ன, ஒவ்வொரு முறையும் அந்தச் சூழலைத் தனியாக இயக்க வேண்டும். அந்த இம்சையை மாட்யூல் தீர்த்தது. பதிலுக்கு, சேர்த்து வைக்கும் வசதி போனது. இதை முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட வேண்டும் என்பதுதான் என் முதல் கருத்து.

இரண்டாவது, இதைவிட முக்கியம்: எந்த ஸ்ட்ரீமை நான் கேட்டு வாங்கினேன், எது தானாக ஒட்டிக்கொண்டு வந்தது என்று கணினி பிரித்துச் சொல்ல வேண்டும். வீண் பயம் இல்லை. 2019-ல் ஃபெடோரா 30-லிருந்து 31-க்கு மாறியபோது லிப்கிட்2 என்ற நிரல் நூலகத்தின் விஷயத்தில் பலர் சிக்கியது இதில்தான். வேறு ஏதோ மென்பொருளோடு சேர்ந்து வந்த ஸ்ட்ரீம், ஆளுக்கே தெரியாமல் இயங்கி, மேம்படுத்தலை வழிமறித்தது.

மற்றபடி கட்டளைகள் எளிமை, பட்டியல் தெளிவு. ரெட் ஹாட் நிறுவனத்தின் லினக்ஸ் 8-ஆம் பதிப்பில் இதே முறை 2019-ல் வந்தபோது சுலபமாகப் பழகியது. ஃபெடோரா 2023-ல், 39-ஆம் பதிப்போடு மாட்யூல்களைக் கைவிட்டது.

அந்த இரண்டு வாடிக்கையாளர்களா? இப்போது ஆளுக்கொரு கண்டெய்னரில் (ஒன்றோடொன்று கலக்காமல் மென்பொருளைத் தனித்தனியாக ஓட்டும் முறை), அதே மெஷினில்தான்.