வாரப்பாடா, தங்கியிருத்தலா?

வாடகைக்குப் பேசியிருந்த அனெக்ஸ் ஒன்று கைநழுவிப் போனதைப் பற்றி வெள்ளவத்தை வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். நண்பகலுக்குள் முடிவு சொல்லும்படி வீட்டுக்காரர் கேட்டிருந்தார். இங்கு நண்பகலாகும்போது, அக்கா இருக்கும் ரொறன்ரோவில் அதிகாலை 2.30 மணி. அவரை எழுப்ப மனமின்றிக் காத்திருந்ததில் வீடு வேறொருவருக்குப் போய்விட்டது. இது பாசமா, பற்றா, தங்கியிருத்தலா, உளவளத்துணையாளரிடம் இதை எந்தச் சொல்லால் சொல்வது என்று கேட்கிறார்.

இச்சொற்கள் எந்த உருபோடு சேர்ந்து வருகின்றன என்று கவனித்தாலே பாதி தெளிந்துவிடும். அக்கா மீது பற்று என்கிறோம். அது ஒருவரிடமிருந்து புறப்பட்டு மற்றவரை நோக்கிச் செல்வது, மற்றவர் அறியாமலும் இருக்கலாம். காணியிலும் மொழியிலும்கூடப் பற்று உண்டு. பாசமும் நம் பேச்சிலுள்ள வாரப்பாடும் பெரும்பாலும் மனிதரிடத்தில்தான்.

அக்காவோடு பிணைப்பு என்னும்போது இருவரும் உள்ளே வந்துவிடுகிறார்கள். பிணைப்புப் பற்றிய கொள்கையை வகுத்த பிரித்தானிய உளமருத்துவர் ஜோன் போல்பி, அது குறித்த தமது நூலின் முதல் தொகுதியை 1969இல் வெளியிட்டார். அவருடன் பணியாற்றிய மேரி எய்ன்ஸ்வேர்த் குழந்தைகளைக் கூர்ந்து கவனித்துக் காட்டியது இங்கு முக்கியமானது: தாய் அருகில் இருக்கிறாள் என்ற நம்பிக்கையில்தான் குழந்தை அறையின் மறுமூலைவரை தவழ்ந்து போய் விளையாட்டுப் பொருளைத் தொடுகிறது. உறுதியான பிணைப்பு ஆளை விலகிப் போக விடுகிறது.

அக்காவில் தங்கியிருத்தல் அப்படியன்று. (தமிழ்நாட்டவர் இதைக் கேட்டால் அக்கா வீட்டில் குடியிருப்பதாக நினைப்பார்கள், சார்ந்திருத்தல் என்பதே அவர்கள் வழக்கு.) அவர் இல்லாதபோது நம் கால் நகர மறுப்பதே இதன் அடையாளம். மூத்தவர்களைக் கேட்டுச் செய்வது நம் வீடுகளின் வழக்கம், அதை நோயாக்கத் தேவையில்லை. ஆனால் கேட்க முடியாத நேரத்தில் என்ன நடக்கிறது என்பதையே நான் பார்ப்பேன். வாசகியின் நண்பகல் அதற்கான பதிலைச் சொல்லிவிட்டது.

இதை ஆளுமைக் குறைபாடு என்று தாமே பெயரிட்டுக்கொள்ள வேண்டாம். அந்த நோயறிதலுக்கு, இளம்பருவம் முதல் வாழ்க்கையின் பல பக்கங்களிலும் நீடிக்கும் போக்கு தெரிய வேண்டும். அதையும் தகுதியுள்ள மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். உளவளத்துணையாளருடனான முதற் சந்திப்பில் சொல்லைத் தேடாமல், அந்த நண்பகலில் கையில் தொலைபேசியுடன் என்ன நினைத்தபடி இருந்தார் என்பதையே வாசகி விவரிக்கலாம். அதற்குமுன், சிறிய விடயம் ஒன்றைத் தாமே தீர்மானித்து, பின்னர் அக்காவுக்குத் தெரிவித்துப் பார்க்கட்டும்.