பேரி மரத்தை வெட்டி கார்னேஷன் போடலாமா?

கேள்வி: கொடைக்கானல் மலையில் பெருமாள்மலைப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தோட்டம் இருக்கிறது. மாமனார் வைத்த பேரி, பிளம்ஸ் மரங்களும் ஊடே கொஞ்சம் காப்பியும். வியாபாரி மரம் பூத்திருக்கும்போதே, பூவிலேயே மொத்த விளைச்சலுக்கும் விலை பேசி எடுத்துக்கொள்வார். எல்லாம் சேர்த்து வருடத்துக்கு ₹1.7 லட்சம் வரும். என் கணவருக்கு 58 வயது. தனியார் கம்பெனியில் ஓய்வு பெற்று இரண்டு மாதத்துக்கு முன் ₹24 லட்சம் கைக்கு வந்தது. பென்ஷன் கிடையாது. வீட்டுச் செலவு மாதம் ₹22,000. ₹2 லட்சம் நகைக்கடன் இருக்கிறது. நாற்பது பேரி மரங்களை எடுத்துவிட்டு 1,000 சதுர மீட்டரில் பாலிஹவுஸ் (பிளாஸ்டிக் ஷீட் போர்த்திய பசுமைக்குடில்) போட்டு, அலங்காரத்துக்குப் போகும் கார்னேஷன் பூ வளர்த்தால் மாதம் ₹70,000 நிற்கும் என்கிறார் கான்ட்ராக்டர். மொத்தச் செலவு ₹20 லட்சம். எட்டு லட்சம் கையிலிருந்து போட்டு, 12 லட்சம் வங்கிக் கடன் வாங்கலாம் என்று யோசிக்கிறோம். மருமகனோ ஹோம்ஸ்டே கட்டச் சொல்கிறார். எது சரி?

பதில்: மரத்தை வெட்டாதீர்கள். பாலிஹவுஸை இந்த வருடம் கட்டாதீர்கள். கார்னேஷன் கெட்ட பயிர் என்று சொல்லவில்லை. நல்ல மார்க்கெட் பிடித்து, நோய் பார்த்து, கவனமாகச் செய்கிறவர்களுக்கு அது காசு தரும் பயிர்தான். ஆனால் நீங்கள் போட்டிருக்கும் திட்டத்தில் கடன் தவணை முகூர்த்த மாத விலையை நம்பி நிற்கிறது. அதுதான் எனக்குக் கவலை.

12 லட்சம் கடன், 10.5% வட்டி, ஐந்து வருடம் என்றால் தவணை மாதம் சுமார் ₹25,800. வைகாசியிலும் ஆவணியிலும் தையிலும் மண்டப அலங்காரத்துக்குப் பூ பறக்கும்போது இதைக் கட்டுவது சிரமமில்லை. ஆடி வந்தால் கல்யாணம் இல்லை. மார்கழியிலும் இல்லை, கிறிஸ்துமஸ், புத்தாண்டு விற்பனை கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான். விலை விழுந்தாலும் மொட்டு செடியில் காத்திருக்காது. பறித்து, கட்டி, பெட்டியில் போட்டு, பஸ் வாடகை கொடுத்து அனுப்பித்தான் ஆக வேண்டும். அதனால் கான்ட்ராக்டர் சொன்ன ₹70,000-ஐ மறந்துவிட்டு, ‘ஆடியில் வரும் பணத்தில் தவணை கட்ட முடியுமா’ என்று மட்டும் கேளுங்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது கல்யாணமும் திருவிழாவும் ஒரே நாளில் நின்றுபோய், பூவைக் குப்பையில் கொட்டியவர்கள் எத்தனையோ பேர். அந்தக் கொட்டிய பூவுக்கும் கடன் கணக்கில் வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நீங்கள் அனுப்பிய கான்ட்ராக்டரின் மதிப்பீட்டில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. நாற்றுக்கு ₹2.5 லட்சம் என்று ஒரே ஒரு தடவைதான் எழுதியிருக்கிறார். கார்னேஷன் செடி நல்ல மகசூல் தருவது சுமார் இரண்டு வருடம். அப்புறம் பிடுங்கிவிட்டுப் புதிதாக நட வேண்டும். ஐந்து வருடக் கடன் முடிவதற்குள் மூன்று முறை நாற்று வாங்குவீர்கள். கூரை ஷீட்டையும் மூன்று, நான்கு வருடத்தில் மாற்ற வேண்டியிருக்கும். வாடல் நோய் மண்ணில் புகுந்துவிட்டால் பாத்தியைச் சுத்தம் செய்யாமல் அடுத்த நடவே முடியாது. நாற்றுக்கு மட்டும் மாதம் ₹10,400 ஒதுக்க வேண்டும். தவணையோடு சேர்த்தால் ₹36,200. இதற்கு மேல்தான் ஆள் கூலி, உரம், மருந்து, கரண்ட், பெட்டி, போக்குவரத்து. 2018 நவம்பரில் கஜா புயல் உங்கள் மலையில் என்ன செய்தது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஷீட்டும் குழாயும் உள்ள கட்டமைப்புக்குத் தனியாக இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும். அந்தப் பிரீமியமும் மதிப்பீட்டில் இல்லை.

மானியம் 50% என்று சொல்லியிருப்பார்கள். அந்தப் பாதி, அரசு ஒரு சதுர மீட்டருக்கு நிர்ணயித்த செலவில் பாதி. உங்கள் பில்லில் பாதி அல்ல. பொதுவாக வேலை முடிந்து அதிகாரிகள் பார்த்த பிறகே வரும். அதுவரை முழுப் பணத்தையும் நீங்கள்தான் புரட்ட வேண்டும். என்றாவது பாலிஹவுஸ் போடுவதானால், தோட்டக்கலைத் துறையின் பணி ஆணை கைக்கு வரும் முன் ஒரு குழாய்கூட நடாதீர்கள்.

சரி, கையில் இருக்கும் பணத்தை என்ன செய்வது? இங்கேதான் உங்களுக்கு அவசரம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் சேர பொதுவாக 60 வயது ஆக வேண்டும். ஆனால் 55 முதல் 60 வயதுக்குள் ஓய்வு பெற்றவர்கள், ஓய்வுப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் போட்டால் சேரலாம். உங்களுக்கு இரண்டு மாதம் போய்விட்டது. 2023 ஏப்ரலில் இதன் வட்டியை 8.2% ஆக்கினார்கள், கணக்கு தொடங்கும் நாளில் என்ன வட்டியோ அதுவே ஐந்து வருடத்துக்கும் நிற்கும். 15 லட்சம் போட்டால் 8.2% கணக்கில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ₹30,750 வரும். வருடத்துக்கு ₹1.23 லட்சம். தோட்டத்தின் ₹1.7 லட்சத்தோடு சேர்த்தால் ₹2.93 லட்சம். உங்கள் வீட்டுச் செலவு வருடத்துக்கு ₹2.64 லட்சம். ஒரு பூ விற்காமலே குடும்பம் ஓடுகிறது, பார்த்தீர்களா? அந்த வட்டி வரும் மாதங்கள் ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி.

மீதி ஒன்பதில் இரண்டு லட்சத்துக்கு நகையை மீட்டுவிடுங்கள். மூன்று லட்சம் வங்கியில் டெபாசிட்டாக, ஆஸ்பத்திரி செலவு வந்தால் மறுநாளே எடுக்கும்படி இருக்கட்டும். நான்கு லட்சம் தோட்டத்துக்கு.

அந்த நான்கு லட்சம்தான் இந்தத் திட்டத்தில் நன்றாக உழைக்கப் போகும் பணம் என்று நினைக்கிறேன். பேரியைப் பூவிலேயே விலை பேசுகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன்? அந்த மாதத்தில் கையில் காசு இல்லை. வியாபாரிக்கும் அது தெரியும். காற்று அடித்துப் பிஞ்சு உதிரும், காட்டுமாடு உள்ளே வரும், விலை இறங்கும் என்று எல்லா நஷ்டத்தையும் முன்கூட்டியே கழித்துக்கொண்டுதான் அவர் தொகை சொல்வார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் ஏற்கிற ரிஸ்க்குக்கு அது விலை. ஆனால் வீட்டுச் செலவுக்கு வட்டி வரத் தொடங்கியபின் நீங்கள் ஏன் அந்த விலைக்குத் தர வேண்டும்? முதல் வருடம் பாதி மரங்களை வழக்கம்போலக் கொடுங்கள். மீதிப் பாதியைக் காய் பிடித்து நின்றபின் விலை பேசுங்கள், அல்லது ஆள் வைத்துப் பறித்து வத்தலக்குண்டு கமிஷன் கடைக்கு அனுப்பிப் பாருங்கள். இரண்டையும் ஒரே நோட்டில் மரக்கணக்கோடு எழுதிவையுங்கள். பிளம்ஸ் மே, ஜூனில் வருவதால் உங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. சீசன் கூட்டம் முழுக்க உங்கள் ஊர் வழியாகத்தான் மேலே ஏறுகிறது. 2024 மே முதல் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த பிறகும் ரோட்டோரத்தில் நல்ல பழத்துக்கு ஆள் நிற்கத்தான் செய்கிறார்கள். பேரி பெரும்பாலும் ஜூலைக்குப் பிறகு, கூட்டம் குறைந்த மாதங்களில் வருவதால் அதற்கு மண்டிதான் கதி.

கவாத்து (கிளைகளை வெட்டிச் சீராக்குவது), தொழு உரம், வேலி இவற்றில் செலவு செய்யுங்கள். வருடச் சாகுபடிச் செலவுக்கு உழவர் கடன் அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று லட்சம் வரை 7% வட்டி. தவணை நாளுக்குள் கட்டினால் 4% தான். ஒருநாள் தள்ளினாலும் அந்த 3% சலுகை போய்விடும் என்பதைக் காலண்டரில் குறித்துவையுங்கள். பழைய மரங்கள் விட்ட இடைவெளியில் ஒட்டு வெண்ணெய்ப்பழக் கன்று வைக்கலாம். தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டு உங்கள் உயரத்துக்கு ஏற்ற ரகம் வாங்குங்கள். மூன்று, நான்கு வருடத்தில் காய்க்கத் தொடங்கும். ஆனால் ஒரு பேரி மரத்தை இன்று எடுத்துவிட்டு, தவறு என்று தெரிந்து திரும்ப வைத்தால் காய்க்க ஐந்தாறு வருடம் ஆகும். அப்போது உங்கள் கணவருக்கு 64 வயது. அதோடு, மலைப்பகுதியில் மரம் வெட்ட 1955-ஆம் வருடத்து மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சொந்தத் தோட்டத்துப் பழமரம்தானே என்று வனத்துறையில் கேட்காமல் கோடாரி வைத்துவிடாதீர்கள்.

கார்னேஷன் ஆசை மனதை விட்டுப் போகாது என்றால், பக்கத்தில் பாலிஹவுஸ் வைத்திருப்பவரிடம் சில பாத்திகளை ஒரு வருடம் குத்தகைக்குக் கேளுங்கள். ஆடியும் மார்கழியும் அதற்குள் வந்துபோகும். பெங்களூரு, சென்னை வியாபாரிகளில் யார் சொன்னபடி பணம் அனுப்புகிறார், யார் ‘பூ வாடிவிட்டது’ என்று பில்லில் கழிக்கிறார் என்பதும் தெரிந்துவிடும். அந்தக் கணக்கில், மோசமான மாதத்திலும் செலவு போக ₹36,000 மிஞ்சுகிறது என்றால் மறுபடி எழுதுங்கள், கடனைப் பற்றிப் பேசுவோம்.

ஹோம்ஸ்டேயை இப்போதைக்கு ஒதுக்கிவைக்கலாம். மலையில் கட்டட அனுமதி எளிதல்ல. அனுமதி மீறிய கட்டடங்களுக்கு 2019-இல் கொடைக்கானலில் சீல் வைத்ததை மருமகனுக்கு நினைவுபடுத்துங்கள். பழம், பூ விற்ற வருமானத்துக்கு வருமான வரி கிடையாது. ரூம் வாடகை விவசாய வருமானத்தில் சேராது. சேமிப்புத் திட்ட வட்டியும் வரிக்கு உட்பட்டதுதான், ஆனால் நீங்கள் இருக்கும் அளவுக்கு வரி கட்ட வேண்டி வராது.

இந்த வாரமே கம்பெனியில் ஓய்வுச் சான்றும், பணம் வந்த தேதியும் தொகையும் எழுதிய கடிதமும் வாங்குங்கள். ஆதார், பான், பாஸ்புக்கோடு தபால் அலுவலகத்துக்கு உங்கள் கணவர் நேரில் போகட்டும். கூட்டுக் கணக்காகத் தொடங்கி உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள்.