36 கணினிகளையும் மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி அலுவலகம் நடத்துகிறோம். 24 டெஸ்க்டாப், 12 லேப்டாப் இருக்கின்றன. எல்லாம் 2016 முதல் 2020 வரை வாங்கியவை. விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது, மொத்தமாக மாற்றிவிடுங்கள் என்கிறார் எங்கள் கணினி சப்ளையர். இன்னொரு பக்கம், ஐரோப்பிய பையர் ஒருவர் அலுவலகத்தின் கார்பன் கணக்கைக் கேட்டுப் படிவம் அனுப்பியிருக்கிறார். மின்சாரம் குறைவாக இழுக்கும் புதுக் கணினிகளை வாங்குவது சுற்றுச்சூழலுக்கு நல்லதா, பழையதையே ஓட்டுவது நல்லதா?

பதில்: இன்னும் ஆர்டர் போடவில்லை என்றால் ஒரு மாதம் பொறுங்கள். உங்கள் லேப்டாப்புக்கு ஒரு பதில், டெஸ்க்டாப்புக்கு வேறு பதில்.

லேப்டாப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். அலுவலக லேப்டாப் தயாரிக்கும் பெரிய நிறுவனங்கள் ஒவ்வொரு மாடலுக்கும் கார்பன் அறிக்கை வெளியிடுகின்றன. ஒரு லேப்டாப்பின் மொத்த ஆயுளுக்கும் சேர்த்து சுமார் 200 முதல் 350 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்ற அளவில்தான் பெரும்பாலும் கணக்கு வரும். அதில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு தயாரிப்பிலேயே போய்விடுகிறது. சிப், மதர்போர்டு, திரை இந்த மூன்றும்தான் அதில் பெரிய பங்கு. அதாவது நீங்கள் அட்டைப்பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே பாதிப்பின் பெரும்பகுதி நடந்து முடிந்திருக்கிறது. நம் ஊர் மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கு அதிகம் என்பதால் இங்கே பயன்பாட்டுப் பங்கு கொஞ்சம் கூடும். ஆனாலும் லேப்டாப் இழுக்கிற மின்சாரமே கொஞ்சம்தான். நாலு வருடத்தில் தூக்கிப் போடுகிற லேப்டாப்பை எட்டு வருடம் ஓட்டினால், தயாரிப்புக் கணக்கு வருடத்துக்குப் பாதியாகக் குறைந்துவிடும்.

டெஸ்க்டாப் கதை வேறு. பழைய சிபியு பெட்டி வேலை நேரத்தில் 60 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தினம் 10 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் என்றால் 180 யூனிட். இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஆக ஒரு பெட்டிக்கு வருடம் 126 கிலோ. இப்போது அதே பெட்டியை ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும் அணைக்காமல் விடுகிறீர்கள் என்றால், சும்மா நிற்கும்போது 40 வாட் என்று வைத்தாலும் மீதி 5,760 மணி நேரத்துக்கு 230 யூனிட் ஆகிறது. வேலை செய்ததைவிட சும்மா இருந்ததற்குத்தான் கரன்ட் பில் அதிகம்! 24 பெட்டிகளையும் மாலையில் முழுதாக அணைப்பதில் கிடைக்கும் மிச்சம், எந்தப் புதுக் கணினி வாங்கினாலும் வேலை நேர மின்சாரத்தில் கிடைக்காது. 'காலையில் ஆன் ஆக நேரமாகிறது, அதனால்தான் அணைப்பதில்லை' என்று ஊழியர்கள் சொல்வார்கள். அது நியாயமான புகார்தான். பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகத்தைப் போட்டுக் கொடுத்தால் அந்தப் புகார் போய்விடும்.

சரி, விண்டோஸ் பிரச்சினைக்கு வருவோம். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் நின்றது உண்மை. கணக்கும் வங்கி வேலையும் நடக்கிற கணினியை அப்டேட் இல்லாமல் ஓட்டச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் 36 கணினிகளில் ஒன்றுகூட விண்டோஸ் 11-க்குத் தேறாது என்று சொல்லிவிட முடியாது. இன்டெல் பிராசஸர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்து ஏற்றுக்கொள்ளும். மாடல் எண்ணைப் பாருங்கள்: ஐ5-7500 என்றால் ஏழாம் தலைமுறை, போகாது. ஐ5-8400 என்றால் எட்டாம் தலைமுறை, போகும். 2018-க்குப் பிறகு வாங்கியவற்றில் பல தேறிவிடும். எட்டாம் தலைமுறையாக இருந்தும் 'இந்தக் கணினி தகுதியற்றது' என்று வந்தால், பயாஸுக்குள் (கணினி ஆன் ஆகும்போது திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கம்) போய், விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி ஆன் செய்யப்பட்டிருக்கிறதா பாருங்கள். இன்டெல் போர்டுகளில் அது பிடிடி என்ற பெயரில் ஒளிந்திருக்கும். அதை ஆன் செய்தாலே தகுதி பெற்றுவிடும் கணினிகள் உண்டு.

தேறாதவற்றுக்கு மூன்று வழி. கட்டண அப்டேட் வாங்கலாம்: நிறுவனங்களுக்கு முதல் வருடம் ஒரு கணினிக்கு 61 டாலர், அடுத்தடுத்த வருடம் இரட்டிப்பாகும், மூன்று வருடத்தோடு முடிந்துவிடும். தாமதமாகச் சேர்ந்தாலும் விட்டுப்போன வருடத்துக்கும் சேர்த்துத்தான் கட்ட வேண்டும். பத்து வருடக் கணினிக்கு இந்தச் செலவு தேவையில்லை என்பது என் கருத்து. பிரவுசரும் மெயிலும் மட்டும் பார்க்கும் இடங்களில் உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் போடலாம். டாலி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன், பிரின்டர் எல்லாவற்றையும் ஒரே ஒரு கணினியில் இரண்டு வாரம் சோதித்துப் பார்த்த பிறகு மற்றவற்றைத் தொடுங்கள். மூன்றாவது வழி, பெரிய நிறுவனங்கள் லீஸ் முடிந்து திருப்பிக் கொடுத்த மினி பிசிக்களை வாங்குவது. சென்னை ரிச்சி தெருவில் டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி வகைகள் கேட்டால் கிடைக்கும். இருக்கிற மானிட்டரோடு மாட்டிக்கொள்ளலாம். அலுவலக வேலையில் பழைய பெட்டியில் நாலில் ஒரு பங்கு மின்சாரம்தான் இழுக்கும். ஏற்கெனவே தயாரான பொருள் என்பதால் புதிதாகத் தயாரிப்புச் சுமையும் சேராது. உங்களிடம் இருக்கும் ஏழாம் தலைமுறை, அதற்கும் முந்தைய டெஸ்க்டாப்புகளுக்கு இதைத்தான் சொல்வேன்.

உங்கள் ஊருக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. 'லேப்டாப் ரொம்ப ஸ்லோ, மாற்றணும்' என்று ஒரு மில் அலுவலகத்திலிருந்து கொண்டு வந்தார்கள். அடிமூடியைக் கழற்றினேன். விசிறிக்கும், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவே பஞ்சுத் தூசி படிந்து படிந்து கம்பளித் துணி மாதிரி ஒரு பட்டை உருவாகியிருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தேன், கிழியாமல் ஒரே துண்டாக வந்தது. காற்றுப் போக வழியே இல்லை. சூடு தாங்காமல் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. தூசி எடுத்து, தெர்மல் பேஸ்ட் மாற்றி, ரேமை 4-லிருந்து 8 ஜிபி ஆக்கிக் கொடுத்தேன். அதே ஆள் அதே லேப்டாப்பில்தான் இன்னும் வேலை பார்க்கிறார். பஞ்சு பறக்கிற இடத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்தச் சுத்தம் அவசியம்.

பேட்டரிக்கும் ஆயுளைக் கூட்டலாம். நாள் முழுக்கச் சார்ஜரிலேயே கிடக்கும் லேப்டாப்பில் 80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும்படி வைக்கும் வசதி, அலுவலக மாடல்களில் பெரும்பாலும் இருக்கும். தேடிப் பிடித்து ஆன் செய்யுங்கள். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டோ, மூடி சரியாக மூடாமலோ இருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் பார்க்கலாம் என்று விடாதீர்கள், அன்றைக்கே சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு மாற்றுங்கள்.

சில புதியவை வாங்கத்தான் வேண்டியிருக்கும். அப்போது பசுமை முத்திரையைப் பார்ப்பது நல்லதுதான். மின்னணுப் பொருட்களுக்கான ஈபீட் முத்திரையின் தங்கத் தரமும் ஸ்வீடனின் டிசிஓ சான்றும் பொருளுள்ளவை. ஆனால் நான் அடிமூடிக்கு அதிக மதிப்பெண் கொடுப்பேன். சாதாரண ஸ்க்ரூடிரைவரில் திறக்கிறதா? ரேம் தனி ஸ்லாட்டில் இருக்கிறதா, போர்டோடு பற்றவைத்துவிட்டார்களா? பேட்டரி ஸ்க்ரூவில் நிற்கிறதா, பசையில் ஒட்டியிருக்கிறதா? சர்வீஸ் மேனுவல் நிறுவன இணையதளத்தில் எல்லோருக்கும் கிடைக்கிறதா? பிரான்சில் 2021 முதல் லேப்டாப்புக்குப் பழுதுபார்க்கும் வசதிக்கான மதிப்பெண்ணைக் கடையில் விலையோடு சேர்த்துக் காட்டியாக வேண்டும். 2024-இல் வந்த லெனோவோ திங்க்பேட் டி14 மாடலின் ஐந்தாம் பதிப்புக்கு, கருவிகளைப் பிரித்துப் பார்த்து மதிப்பெண் தரும் ஐஃபிக்ஸிட் 10-க்கு 9 கொடுத்தது. ரேம் பற்றவைத்த மெல்லிய லேப்டாப்பை மறுசுழற்சி பிளாஸ்டிக்கில் செய்திருந்தாலும், ரேம் போதாத அன்றைக்கு முழு லேப்டாப்பும் வீண்தான்.

கழிப்பவற்றை மட்டும் தயவுசெய்து காயலான் கடைக்கு எடைக்குப் போடாதீர்கள். செம்புக்காக வயரை எரிப்பதும், தங்கத்துக்காகப் போர்டை ஆசிட்டில் போடுவதும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்தப் புகையைச் சுவாசிக்கிறவர்கள் கையுறைகூட இல்லாத கூலித் தொழிலாளிகள். 2022-இல் உலகம் முழுக்கச் சேர்ந்த 6.2 கோடி டன் மின்கழிவில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம்தான். 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த மின்கழிவு விதிகளின்படி குறைந்தது 1,000 மின், மின்னணுக் கருவிகளைப் பயன்படுத்துபவர்தான் மொத்தப் பயனாளர். 36 கணினியை மட்டும் வைத்து நீங்கள் அதில் வர மாட்டீர்கள். ஆனாலும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்த மறுசுழற்சியாளரிடமே கொடுங்கள். அளவு குறைவு என்று வண்டி அனுப்பத் தயங்கினால், பக்கத்து இரண்டு மூன்று கம்பெனிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொடுக்கும் முன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் துளையிட்டுவிடுங்கள், எஸ்எஸ்டி என்றால் பயாஸ் அல்லது தயாரிப்பாளரின் மென்பொருள் வழியாகப் பாதுகாப்பாக அழியுங்கள்.

பையரின் படிவத்தில் நீங்கள் இழுக்கும் மின்சாரம் ஸ்கோப் 2-இல் (வாங்கும் மின்சாரத்தால் வரும் கார்பன்) வரும், புதிதாக வாங்கும் கணினி ஸ்கோப் 3-இல் (பிறர் தயாரிப்பது போன்ற மறைமுகக் கார்பன்) மூலதனப் பொருள் என்ற தலைப்பில் வரும். அதனால் இன்றே ஒரு நோட்டைப் போடுங்கள்: கணினியின் சீரியல் எண், வாங்கிய வருடம், மாற்றிய பாகம், அணைக்கத் தொடங்கியதற்கு முன்னும் பின்னும் வந்த மாத மீட்டர் அளவு. மறுசுழற்சியாளரிடம் எடையும் சீரியல் எண்ணும் போட்ட ரசீது கேட்டு வாங்கி அதிலேயே ஒட்டி வையுங்கள். அடுத்த வருடம் ஆடிட்டர் வந்தால் அந்த நோட்டைத்தான் கேட்பார்.