வாங்கியபின் வருந்துவோர் கேள்விகள்: பிரான்ஸின் சிறு ஊர் வெள்ளை ஒயின்கள்

கேள்வி: கிழக்கு பிரான்ஸின் ஜூராவில் வாங்கிய ஷத்தோ-ஷலோன் ஒயின் போத்தலில் 75க்குப் பதில் 62 சென்டிலிட்டர்தான் இருக்கிறது. மீதியை யாரிடம் கேட்பது?

பதில்: யாரிடமும் கேட்க முடியாது. ‘கிளாவலேன்’ எனப்படும் அந்தக் குட்டைப் போத்தலின் அளவே அதுதான். சவான்யேன் திராட்சையின் ஒயினை ஆறு ஆண்டுகளுக்கு மேல், பீப்பாயில் குறைவதை நிரப்பாமல், மேலே ஈஸ்ட் ஏடு படர விட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு லிட்டரில் ஆவியானது போக எஞ்சுவது 62 என்பது அவர்கள் கணக்கு. வால்நட் மணம் அடித்தால் கெட்டுவிட்டதென்று கொட்டிவிடாதீர்கள்.

கேள்வி: மகன் திருமணத்துக்கென்று 12 ஆண்டுகள் சமையலறை அலமாரியில் வைத்திருந்த கோந்த்ரியு ஒயினில் மணமே இல்லை. கடைக்காரர் பொறுப்பேற்பாரா?

பதில்: மாட்டார். வியோனியே திராட்சையின் ஆப்ரிகாட் மணத்துக்காக, பெரும்பாலும் இளமையிலேயே குடிக்க வேண்டிய ஒயினை அடுப்பருகே வைத்தது நீங்கள்.

கேள்வி: இணையக் கடையில் ‘மோன்ராஷே’ என்று போட்டிருந்ததை நம்பி 400 யூரோ கொடுத்தேன். சென்ற வாரம் வந்த போத்தலில் ‘ஷசாஞ்-மோன்ராஷே’ என்றிருக்கிறது. என் தவறா?

பதில்: உங்கள் தவறில்லை, விற்றவர் செய்தது ஏமாற்று. போத்தலைத் திறக்காதீர்கள். இணையத்தில் வாங்கியதால், கைக்கு வந்த 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம். அதை எழுத்தில் தெரிவியுங்கள். விளம்பரப் பக்கத்தைப் படமெடுத்து, பிரெஞ்சு அரசின் நுகர்வோர் புகார்த் தளமான சிக்னல்கோன்சோவிலும் புகார் பதியுங்கள்.

இந்தப் பெயர்க் குழப்பம் எனக்கு நெடுநாள் எரிச்சல். மோன்ராஷே என்பது சுமார் 8 ஹெக்டேர் தோட்டம்; புலிஞி, ஷசாஞ் என்ற இரண்டு ஊர்களின் எல்லையில் கிடக்கிறது. 1879இல் இரண்டு ஊர்களும் அதன் பெயரைத் தம் பெயரோடு ஒட்டிக்கொண்டன. முன்னால் ஊர்ப்பெயர் இருந்தால் அது அந்த ஊரின் ஒயின். நல்லதாகவே இருக்கலாம், ஆனால் அந்தத் தோட்டத்தினுடையது அன்று. நானும் முதற்சொல்லை மட்டும் பார்த்து, லுவார் ஆற்றுக் கரையின் சோவிஞோன் திராட்சை ஒயினான புய்யி-ஃப்யுமே என்றெண்ணி, பர்கண்டி வட்டாரத்தின் ஷார்தொனே திராட்சை ஒயினான புய்யி-ஃபுயிஸ்ஸேயை அரை டஜன் வாங்கி வந்தவன்தான். என்னை யாரும் ஏமாற்றவில்லை என்பதுதான் வேறுபாடு.

கேள்வி: தெரிந்தவர் ஒருவர், வேறொரு விவசாயியின் ஷத்தோ-கிரியே ஒயின் பாதி விலைக்குக் கிடைக்கும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். நான்கு ஹெக்டேருக்கும் குறைவான அந்த அப்பெலாசியோன் (அப்பெயரில் ஒயின் விற்கச் சட்டம் வரையறுத்த நிலப்பகுதி) முழுவதும் ஒரே உரிமையாளரிடம் இருக்கிறது. வேறொரு விவசாயி அங்கே இல்லை.