தாய்மரம் எங்கே? (கடிதம்)

வணக்கம் சார்,

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் பையனையும் கூட்டிக்கொண்டு, சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே உள்ள மியூர் வுட்ஸ் என்ற ரெட்வுட் மரக் காட்டுக்குப் போயிருந்தோம். அப்பாவுக்கு முழங்கால் வலி. இரண்டாவது பாலத்தோடு திரும்பிவிட்டோம். எல்லாரும் சொல்லும் கதீட்ரல் தோப்பைப் பார்க்கவே இல்லை. இந்த அரை மணி நேர நடைக்கா இவ்வளவு ஏற்பாடு என்று மனசு ஆறவில்லை. அப்பா மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து, வட்டமாக நின்ற சில மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "நடுவுல இருந்த தாய்மரம் எங்கே?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஆர்., ஃப்ரீமாண்ட்

அன்புள்ள ஆர்.,

உங்கள் அப்பா வாழை வைத்தவராக இருக்க வேண்டும். கன்று வெட்டிப் பழகியவருக்குத்தான் அந்தக் கேள்வி வரும்.

அவர் பார்த்தது சரி. ரெட்வுட்டின் அடியில் முண்டு முண்டாகப் புடைத்திருக்கும். அதற்குள் மொட்டுகள் உறங்கிக் கிடக்கும். தீயிலோ புயலிலோ மரம் அடிபட்டால் அவை துளிர்த்து, தாயைச் சுற்றிக் கன்றுகளாக எழும்பும். தாய் மக்கி மண்ணாகிவிடும், வட்டம் மட்டும் நிற்கும். அங்கே அதைக் குடும்ப வட்டம் என்கிறார்கள். நாம் வாழையடி வாழை என்போம். வாழைக்கு அது ஒரு வருஷக் கணக்கு. இங்கே நூற்றாண்டுக் கணக்கு: அந்தக் காட்டின் பெரிய மரங்களில் பலவற்றுக்கு வயது 500 முதல் 800 வரை. அப்பாவிடம் சொல்லுங்கள், தாய்மரத்தின் வேரைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வட்டம் எழுந்தது.

அந்த வேரும் ஆழமாக இறங்குவதில்லை. 10 அடி, 12 அடிதான். பக்கவாட்டில் ஓடி, பக்கத்து மரங்களின் வேர்களோடு பின்னிக்கொள்ளும். 250 அடி உயர மரம் காற்றுக்குத் தாக்குப்பிடிப்பது அப்படித்தான். நடைபாதையை விட்டு இறங்காதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான். கால் பட்டுப் பட்டு மண் இறுகினால் மேலாக ஓடும் வேர் திணறும்.

நானும் என் பேத்தியோடு அங்கே போயிருக்கிறேன். அவள் நடையில் அரை மைலுக்கு ஒரு மணி நேரம் ஆனது. பாதையில் கிடந்த ஒரு காயை என் கையில் வைத்துக் காட்டினேன். சின்ன நெல்லிக்காய் அளவுதான். அதற்குள் இருக்கும் விதை தக்காளி விதை மாதிரி. பாதையை ஒட்டி நின்ற மரத்தின் பட்டையைத் தொட்டுவிட்டு, "தேங்காய் நார்" என்றாள். உண்மையிலேயே அப்படித்தான் நார் நாராக இருக்கிறது. ஓர் அடி கனம்கூட வரும், தீ சுலபத்தில் உள்ளே போகாது. அவளோடு போகாமலிருந்தால் நான் அண்ணாந்து பார்த்தே கழுத்து வலியோடு திரும்பியிருப்பேன்.

அந்தக் காடு தப்பிய கதையையும் பையனுக்குச் சொல்லுங்கள். கலிஃபோர்னியாவின் பழைய ரெட்வுட் காடுகளில் ஏறக்குறைய 95 சதவீதத்தை வெட்டித் தீர்த்தார்கள். இந்தப் பள்ளத்தாக்கை 1905இல் வில்லியம் கென்ட் என்பவரும் மனைவி எலிசபெத்தும் விலைக்கு வாங்கினார்கள். இரண்டே வருஷத்தில், அணை கட்ட அந்த இடம் வேண்டும் என்று ஒரு தண்ணீர் கம்பெனி வழக்குப் போட்டது. கென்ட் 295 ஏக்கரை அரசுக்கே தானமாகக் கொடுத்துவிட்டார். 1908 ஜனவரியில் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார். காட்டுக்குக் கென்ட் தன் பெயரை வைக்கவிடவில்லை, இயற்கையாளர் ஜான் மியூரின் பெயரைக் கேட்டு வாங்கினார். எனக்கு அந்த மனிதர் மேல் பெரிய மரியாதை.

கதீட்ரல் தோப்பு எங்கேயும் போய்விடாது. அப்பா ஊருக்குக் கிளம்புவதற்குள் இன்னொரு தடவை, காலை எட்டு மணிக்கே வண்டி நிறுத்த முன்பதிவு செய்துகொண்டு போங்கள். கூட்டம் இருக்காது. இலைகளில் தங்கிய கடல்மூடுபனி சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருக்கும். மழையில்லாத கோடையில் அந்த மரங்கள் குடிப்பது அதையும்தான். இரண்டாவது பாலம் வரை போனால் போதும். இந்தத் தடவை அந்தப் பெஞ்சில் நீங்களும் அவரோடு உட்காருங்கள்.