‘வலி இருக்கா?’ என்று கேட்காதீர்கள், சிஸ்டர்

கேள்வி: குடியாத்தத்தில் ஒரு கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறேன். 18, 20 வயதுப் பெண்கள் வயிற்று வலி என்று அம்மாவோடு வருகிறார்கள். டாக்டர் கேட்பதற்கெல்லாம் அம்மாதான் பதில் சொல்கிறார். ஸ்கேன் நார்மல் என்றால் ‘கல்யாணமானா சரியாயிடும்’ என்று அனுப்பிவிடுகிறோம். அடுத்த மாதம் அதே பெண் மறுபடி வருகிறாள். இவ்வளவு கூட்டத்தில் நான் என்ன செய்ய முடியும்?

பதில்: நிறையச் செய்யலாம், எடை பார்க்கிற மூலையில் வைத்தே. ‘அம்மா, கொஞ்சம் வெளியே இருங்க’ என்றால் அவருக்கு மனசு சுருக்கென்று ஆகும், சந்தேகமும் வரும். ‘எடையும் பிபியும் பார்க்கணும், பாப்பா மட்டும் வரட்டும்’ என்றால் யாரும் தப்பாக நினைப்பதில்லை. எல்லாப் பெண்களுக்கும் இதையே வழக்கமாக்கிவிடுங்கள். பிபி பட்டை கையில் சுற்றியிருக்கும் அந்த இரண்டு நிமிஷம் போதும்.

அங்கே ‘வலி இருக்கா?’ என்று கேட்காதீர்கள். ‘லேசா’ என்றுதான் பதில் வரும், அப்படிச் சொல்லித்தான் நாம் வளர்த்திருக்கிறோம். ‘போன மாசம் எத்தனை நாள் காலேஜுக்குப் போகல? எத்தனை மாத்திரை போட்டே? ராத்திரி நாப்கின் மாத்த எழுந்திருக்கியா?’ என்று கேளுங்கள். எண்ணிச் சொல்ல வேண்டியதை யாரும் ‘லேசா’ என்று சொல்ல முடியாது.

நான் பயிற்சி டாக்டராக இருந்தபோது 19 வயதுப் பெண் ஒருத்தியை மூன்று முறை வலி மாத்திரை கொடுத்து அனுப்பினேன். நான்காவது முறை மூத்த டாக்டர் ஒருவர் அவளிடம், ‘அந்த நாள்ல வெளிக்குப் போகும்போது வலிக்குதாம்மா?’ என்று கேட்டார். அவள் அப்படியே அழுதுவிட்டாள். அந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை. அவளுக்கு இருந்தது எண்டோமெட்ரியோசிஸ்: கருப்பையின் உட்பூச்சைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்கிற நோய். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு, உலகம் முழுக்க ஏறக்குறைய 19 கோடிப் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஸ்கேனில் தெரியாமலே இருக்கலாம். ஸ்கேன் நார்மல் என்பதால் வலி பொய்யாகிவிடாது. கல்யாணம் இதற்கு மருந்தும் அல்ல.

அப்புறம், வார்த்தை. ‘உடம்பு சூடு’ என்பார்கள். வேலூர் வெயிலில் அதை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? ஆனால் அந்தச் சூட்டுக்குள் வெள்ளைப்படுதல் இருக்கும், ஒன்றுக்குப் போகும்போது எரிச்சல் இருக்கும். ‘சூடுன்னா எங்கே, எப்போ?’ என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்கள். ‘கல்யாணம் ஆச்சா?’ என்று தொடங்காமல் ‘கடைசியா எந்தத் தேதியில குளிச்சே?’ என்று மாதவிலக்குத் தேதியில் தொடங்குங்கள். தேதி தள்ளிப்போய் ஒரு பக்கம் வலி என்றாலோ, மயக்கம் வந்தாலோ, மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ டோக்கன் வரிசை பார்க்காமல் உள்ளே அனுப்புங்கள்.

ஒரு எச்சரிக்கை: ‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பெண்ணுக்கு 18 வயது ஆகாமல், பாலியல் கொடுமை நடந்தது தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி தகவல் சொல்லியே ஆக வேண்டும். அவள் பேசத் தொடங்கும் முன்பே இதைச் சொல்லிவிடுவதுதான் நியாயம். ஆண் டாக்டர் தொட்டுப் பரிசோதிக்கும்போது பெண் ஒருவர் கூட இருப்பது நோயாளியின் உரிமை. கூப்பிடுவதற்கு முன்பே போய் நில்லுங்கள்.

பெண் டாக்டர் இல்லாமல் பிரசவத்தில் தாய்மார்கள் செத்ததைப் பார்த்துத்தான், வேலூர் சிஎம்சி மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் டாக்டருக்குப் படித்தார். 1900-இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார், 1918-இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளியும் திறந்தார். இன்று நம் ஊரில் பெண் டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பேச்சை நடுவில் வெட்டுவதில் நாங்களும் குறைந்தவர்கள் இல்லை, இது எனக்குப் பெரிய வருத்தம்.

அதனால் அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே ஓபி சீட்டின் மேலே எழுதுங்கள்: ‘மாதம் 3 நாள் லீவு, 6 மாத்திரை, வெளிக்குப் போகும்போது வலி, 2 வருஷமாக.’ எவ்வளவு அவசரத்தில் இருந்தாலும் டாக்டர் கண் அந்த எண்களில் நிற்கும். அம்மா நிறைய பேசுபவராக இருந்தால் சீட்டை அவர் கையில் கொடுக்காமல், நீங்களே கொண்டுபோய் மேஜையில் வையுங்கள்.