பணம் பங்கிடும் சோதனைகளில் மக்கள் நியாயமாக நடப்பது அடுத்தவர் பார்க்கிறார் என்பதாலா, உண்மையிலேயே நல்லவர்கள் என்பதாலா?

கேள்வி கேட்டவர் அநேகமாக முதுகலைப் பொருளாதாரம் படிக்கிற பிள்ளையாக இருப்பீர்கள், உள்மதிப்பீட்டுக்கு இரண்டு பக்கம் எழுதவேண்டியிருக்கும். அப்படியென்றால் இந்தப் பதிலில் பாதிதான் உதவும். மீதி என் குடும்பக் கதை. நான் பேராசிரியர் இல்லை, கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். "இவனுக்கு என்ன தெரியும்" என்று வரப்போகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பார்க்கிறார்களா இல்லையா என்பது முக்கியம்தான், அதில் சந்தேகமே வேண்டாம். ஒருவர் கையில் பத்து டாலரைக் கொடுத்து, முகம் தெரியாத இன்னொருவருக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடு, கொடுக்காமலும் இரு என்று விட்டுவிடுகிற சோதனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். உலகம் முழுக்க நடந்ததையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் கையில் இருப்பதில் சராசரியாக நூற்றுக்கு 28 பங்கு கொடுக்கிறார்கள். ஆனால் எலிசபெத் ஹாஃப்மன், வெர்னான் ஸ்மித் குழுவினர் 1994இல் சோதனை நடத்துபவருக்கே யார் எவ்வளவு கொடுத்தார் என்று தெரியாதபடி உறைகளை வைத்து நடத்தியபோது, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் ஒரு காசும் கொடுக்கவில்லை. சரி, அப்படியானால் "பார்ப்பதால்தான் கொடுக்கிறார்கள்" என்று எழுதி முடித்துவிடலாமே என்றால், முடியாது. அந்த மீதி மூன்றில் ஒருவர் யாருக்காகக் கொடுத்தார்?

இந்த இடத்தில்தான் என் கதை வருகிறது.

2022 பொங்கலுக்கு வீட்டில் சொந்தக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். என் மகளும் உங்களைப் போலப் பொருளாதாரம்தான். சாப்பாடு முடிந்து எல்லோரும் பாயில் சாய்ந்த நேரத்தில் சீட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்து, விளையாட்டு ஒன்று, நிஜக் காசு தருவேன் என்றாள். என் சீட்டில் இருந்தது இதுதான்: முதல் வழியை எடுத்தால் எனக்கு 60 ரூபாய், இரண்டாவதை எடுத்தால் எனக்கு 50 ரூபாய். அடுத்த அறையில் இருக்கிற யாரோ ஒருவருக்கு என்ன கிடைக்கும் என்பது மடித்து வைத்த இன்னொரு சீட்டில் இருக்கிறது. ஒன்று, நான் 60 எடுத்தால் அவருக்கு 10, நான் 50 எடுத்தால் அவருக்கும் 50. அல்லது நேர் தலைகீழ், நான் 60 எடுத்தால் அவருக்கு 50, நான் 50 எடுத்தால் அவருக்கு 10. எது என்பதைக் காசு சுண்டி முடிவு செய்திருக்கிறாள். பிரித்துப் பார்க்கச் செலவு எதுவும் இல்லை.

நான் பிரிக்கவில்லை. 60ஐக் கொடு என்று கையை நீட்டினேன்.

"அப்பா, சீட்டைப் பாக்கலையா?"

"எதுக்கும்மா, அது அவங்க பாடு. நல்லதாக்கூட இருக்கும்."

அவள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, நீங்களும் அந்த 44இல் ஒருத்தர் என்றாள். ஜேசன் டானா, ராபர்டோ வெபர், ஜேசன் குவாங் ஆகிய மூவர் 2007இல் வெளியிட்ட ஆய்வாம். அங்கே ஆறு டாலர், ஐந்து டாலர். எல்லாம் வெளிப்படையாகத் தெரிந்தபோது நூற்றுக்கு 74 பேர் தனக்கு ஒரு டாலர் குறைந்தாலும் பரவாயில்லை என்று ஐந்துக்கு ஐந்தை எடுத்தார்கள். அடுத்தவர் பங்கை ஒரு பொத்தானுக்குப் பின்னால் மறைத்து வைத்து, அழுத்தினால் தெரியும் என்றபோது நூற்றுக்கு 44 பேர் அழுத்தவே இல்லை. அழுத்திப் பார்த்திருந்தால் ஐந்துக்கு ஐந்துதான் நியாயம் என்று தெரிந்திருக்கக்கூடிய இடத்தில், அதை எடுத்தவர்கள் நாற்பதுக்கும் கீழே போய்விட்டார்கள். (ஆய்வில் ஆட்கள் குறைவு, தெரியும். பின்னால் பலர் திரும்பச் செய்து பார்த்திருக்கிறார்கள், போக்கு அதேதான்.)

இதில் கவனிக்கவேண்டியது, அழுத்தாத ஆள் அடுத்தவரிடமிருந்து மறைக்கவில்லை, தன்னிடமிருந்தே மறைக்கிறான். "நான் அவருக்கு வெறும் பத்து ரூபாயை விட்டெறிந்தவன் இல்லை, எனக்குத் தெரியாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள அவனுக்கு ஒரு மடித்த சீட்டு போதும்.

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் பிரிக்காமல் விட்ட இன்னொரு சீட்டு ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊருக்கு வெளியே அப்பா சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய 40 சென்ட் நிலம் இருந்தது. உயில் எழுதாமல் போய்விட்டார். 1956 வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அக்கா, நான் மூவருக்கும் சம பங்கு. 2014இல் அம்மாவும் அக்காவும் எனக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுப்பதாகப் பேச்சு. எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைகள் ஒன்றும் வாங்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதுதான் பெரும்பாலும் நடக்கும். நான் அப்படியெல்லாம் செய்யவில்லை என்பதில் எனக்கு அப்போது பெரிய பெருமை. வழிகாட்டி மதிப்பு சென்ட்டுக்கு 15,000. மொத்தம் 6 லட்சம், மூன்றில் ஒன்று 2 லட்சம். கணக்கு எழுதுகிறவன் இல்லையா, பைசா சுத்தமாக 2 லட்சத்தை மஞ்சள் பையில் போட்டு, வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து அக்கா கையில் கொடுத்தேன். அரசாங்கமே போட்ட விலை, யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

வழிகாட்டி மதிப்பு வேறு, நிலம் கைமாறுகிற விலை வேறு என்பது இந்த நாட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பத்திரத்துக்கு ஒரு வாரம் முன்னால், இடம் வாங்கி விற்கிற என் கூட்டாளி ஒருவன், "ஒரு போன் போட்டு சென்ட் என்ன போகுதுன்னு கேட்டுச் சொல்லட்டுமா" என்றான். எனக்கு அவன் குரல்கூட ஞாபகம் இருக்கிறது. "இப்ப எதுக்கு, நான் என்ன விக்கவா போறேன்" என்றேன்.

அவ்வளவுதான். பொய் சொல்லவில்லை, மிரட்டவில்லை. ஒரு போன் வேண்டாம் என்று சொன்னேன்.

உடனே சிலர், எங்கள் வீட்டில் இதைவிட மோசம், நீங்கள் 2 லட்சமாவது கொடுத்தீர்களே என்று எழுதுவீர்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த ஆறுதலைச் சொல்லிச் சொல்லித்தான் எட்டு வருஷம் ஓட்டினேன். இன்னும் சிலர் இவன் எல்லாம் தெரிந்தேதான் செய்தான் என்பீர்கள். அதுவும் சரியில்லை. விலை எவ்வளவு என்று எனக்கு நிஜமாகவே தெரியாது. தெரியாமல் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் வருஷக்கணக்கில் சௌகரியமாகக் குடியிருக்க முடியும் என்பதற்கு நானே சாட்சி.

டேனியல் பேட்சன் என்ற உளவியல்காரர் 1990களில் செய்த இன்னொரு சோதனை இதற்குப் பக்கத்து வீடு. இரண்டு வேலைகள், ஒன்றில் பரிசுச் சீட்டு கிடைக்கும், மற்றது வெறும் சலிப்பு. உனக்கு எது, அடுத்தவருக்கு எது என்று நீயே முடிவு செய், வேண்டுமானால் காசு சுண்டிக்கொள். தனி அறை. காசு சுண்டியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் கடைசியில் நல்ல வேலையைத் தனக்கே எடுத்துக்கொண்டார்கள். எந்தக் காசும் அப்படி விழாது! சுண்டியதே "நான் நியாயமானவன்" என்று தன்னிடம் சொல்லிக்கொள்ளத்தான். பின்னால் எதிரே ஒரு முகக்கண்ணாடியை வைத்துப் பார்த்திருக்கிறார், சுண்டியவர்கள் சரிபாதியாகப் பிரிந்துவிட்டார்கள். அறையில் வேறு யாரும் இல்லை, அவரவர் முகம் மட்டும்தான். உங்கள் கேள்விக்கு ஒரே ஒரு சோதனையைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

சுவரில் கண் படம் ஒட்டினால் மக்கள் உண்டியலில் அதிகம் போடுவார்கள் என்ற இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வையும் (2006, காபி குடிப்பவர்கள் தாங்களாகவே பெட்டியில் போடும் காசு கிட்டத்தட்ட மூன்று மடங்கு) பலர் இங்கே எடுத்துவிடுவார்கள். கண் திருஷ்டி படத்தைக் கட்டடத்துக்குக் கட்டடம் மாட்டுகிற ஊர்க்காரன் நான், எனக்கும் பிடித்த ஆய்வுதான். ஆனால் பின்னால் செய்தவர்களுக்கு அது ஒழுங்காக வரவில்லை, அதனால் அதை வைத்து வீடு கட்டாதீர்கள். படிவத்தின் அடியில் வாங்கும் கையெழுத்தை மேலே வாங்கினால் மக்கள் உண்மையை எழுதுவார்கள் என்ற 2012 ஆய்வு இன்னும் மோசம். தரவே போலி என்று தெரிந்து 2021இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். நேர்மையைப் பற்றிய ஆய்வில் போய்!

கதைக்கு வருகிறேன். பொங்கல் முடிந்த வாரமே அந்தக் கூட்டாளிக்கு போன் போட்டு, 2014இல் அங்கே சென்ட் என்ன போனது என்று கேட்டேன். 60,000 என்றான், யோசிக்கக்கூட இல்லை. 24 லட்சம். அக்கா பங்கு 8, நான் கொடுத்தது 2.

நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் வெளியே போயிருந்த நேரம். ஒரு மணி நேரம் ஊர்க் கதை பேசிவிட்டு, எப்படியோ விஷயத்தைச் சொல்லி முடித்தேன். அக்கா முறத்திலிருந்து கையை எடுக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும். முந்தின நாளே அவுக போய் விசாரிச்சிட்டு வந்துட்டாக."

"பொறவு ஏங்க்கா கையெழுத்துப் போட்ட?"

"சண்டைன்னு ஒண்ணு வந்துட்டா பொங்கப்படி யாரு கொண்டாருவா? நீயா வந்து சொல்லுவேன்னு நெனச்சேன். எட்டு வருசமாயிட்டு."

டானாவும் வேறு இருவரும் 2006இல் செய்த இன்னொரு சோதனையில், பத்து டாலரைப் பங்கிடுவதற்குப் பதில் ஒன்பது டாலரை வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் வெளியேறலாம், இப்படி ஒரு விளையாட்டு நடந்ததே எதிராளிக்குத் தெரியாது என்று சொன்னார்கள். மூன்றில் ஒரு பங்குப் பேர் அப்படியே கிளம்பிப் போனார்கள். நானும் அப்படிக் கிளம்பிப் போனவன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நிஜ வாழ்க்கையில் எதிராளி ஆய்வுக்கூடத்து ஆள் மாதிரி அடுத்த அறையில் தெரியாமல் உட்கார்ந்திருப்பதில்லை, எல்லாம் தெரிந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறாள். இதை எந்தக் கட்டுரையிலாவது எழுதியிருக்கிறார்களா என்று மகளிடம் கேட்கவேண்டும்.

மீதி 6 லட்சத்தைத் தருகிறேன் என்றேன். ரொக்கமாக வேண்டாம், அவுகளுக்குத் தெரிந்தால் எட்டு வருஷத்துப் பேச்சு எல்லாம் கிளம்பும், சின்னவள் கல்யாணத்துக்கு நகையாகப் போட்டுவிடு என்றாள். 2023இல் கல்யாணம். (மண்டபத்துக்காரர்கள் பற்றித் தனியாக ஒரு கேள்வி யாராவது கேளுங்கள், பதில் வைத்திருக்கிறேன். வாடகை பேசும்போது ஒரு தொகை, கணக்கு முடிக்கும்போது கரண்ட் தனி, ஜெனரேட்டர் தனி, குப்பை அள்ளத் தனி. மீட்டரைக் காட்டு என்றால் மீட்டர் அறைச் சாவி மேனேஜரிடம், மேனேஜர் மதுரையில். சாம்பார் வாளி ஒன்று குறைகிறது என்று 900 ரூபாய் வாங்கினார்கள், அந்த வாளியை நான் கண்ணாலேயே பார்க்கவில்லை.)

13 பவுன் போட்டேன். அன்றைய விலைக்கு 6 லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே, செய்கூலி சேதாரம் சேர்த்தால் கொஞ்சம் மேலே. வட்டி எங்கே என்று கேட்பீர்கள். தெரியும், கொடுக்கவில்லை. அக்கா கேட்கவில்லை, நானும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. ஆமாம், இன்னொரு சீட்டு.

எங்கள் பக்கம் சீரையும் மொய்யையும் மைக்கில் வாசிப்பார்கள். "பொண்ணுக்குத் தாய்மாமன் சீர், பதிமூணு பவுன்" என்று ஒருவர் மூன்று தடவை வாசித்தார். பந்தியில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தான் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார், கண் கலங்கியிருந்தது. இந்தக் காலத்தில் எந்த மாமன் இப்படிச் செய்கிறான் என்று அவருடைய தம்பி பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா மேடையில் இருந்து என்னைப் பார்த்தாள், நான் மைக்கில் வாசித்தவருக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தேன்.